சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
டிசம்பர் 11

அன்பு மகள் இனியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பிரான்சில் உன் கிரெனோபிளில் பனி கொட்டுகிறது என்று காலையில் அப்பா போனில் பார்த்துச் சொன்னார். நான் வாங்கி அனுப்பிய கம்பளிச் சட்டையை அலமாரியில் அழகுக்கு மாட்டி வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்வாய் என்று நம்புகிறேன். மாதாவின் தயவில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் வாயெடுத்ததுமே நீ "அம்மா, அது அப்படி இல்ல" என்று ஆரம்பிப்பாய். நான் குரலை உயர்த்துவேன். அப்பா நடுவில் புகுந்து "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டு இரண்டு பேர் பேச்சையும் கெடுப்பார். போனில் எப்போதும் நடப்பது அதுதான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. உன் கம்பெனி செய்கிற புது கம்ப்யூட்டர் சர்வரை ஊழியர் சலுகையில் எடுத்து, உன் சம்பளத்திலிருந்தே கட்டி, நம் ரத்த வங்கிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டாய். ஆண்டு முடிவதற்குள் சொல்லம்மா என்று பிறகு செய்தியும் அனுப்பினாய். சொல்கிறேன். ஆனால் உனக்குத் தெரியாமல் இங்கே நடந்தது பாதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் நீ என்னைத் தப்பாக நினைப்பாய். நீ என்னைத் தப்பாக நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த மழைக்கு இந்திரா காந்தி சதுக்கம் வழக்கம் போல் குளமாகிவிட்டது. அப்பா தன் ஸ்கூட்டரை அதில் விட்டு, அது நடுவில் நின்றுபோய், முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார். பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கப் போனவர் வெறும் தும்மலோடு திரும்பினார். முட்டிவலியை அவர் இரண்டு வாரம் மறைத்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. டாக்டரிடம் காட்டியாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை.

இனி நம் பழைய சர்வரின் கதை. நீ வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் நீ சொல்லித்தான் அதை வாங்கினோம். அவ்வளவு விலைக்கு ஒரு இரும்புப் பெட்டியா என்று ரத்த வங்கியை நடத்துகிற டிரஸ்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். ரத்த வங்கியின் நிர்வாகி என்ற முறையில் நான்தான் மேசையைத் தட்டிப் பேசி வாங்க வைத்தேன். என் மகள் வேலை செய்கிற கம்பெனி என்கிற பெருமையும் அந்தத் தட்டலில் கொஞ்சம் இருந்தது. அதன் பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து உங்கள் எஞ்சினியர் ஒருவர், கையில் அட்டைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லையே என்றேன். "நீங்க கூப்பிடல மேடம், மெஷின் கூப்பிட்டுது" என்றார். உள்ளே மின்சாரம் தருகிற பாகம் ஒன்று இன்னும் சில நாளில் போய்விடும் என்று அது தானாகவே உங்கள் கம்பெனிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. எங்களுக்கு ஒரு விளக்குகூட மாறவில்லை. அவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாகத்தை உருவிப் புதியதைச் செருகிவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த வீட்டில் ஒரு மனுஷன் முட்டிவலியை இரண்டு வாரம் வாய் திறந்து சொல்லாமல் இருக்கிறார். ஒரு பெட்டி கடல் கடந்து சேதி அனுப்பித் தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறது.

ஆயுத பூசை அன்று நடந்ததைச் சொல்லி நாம் போனில் சிரித்தோம். ஆனால் அன்று நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நம் ரத்த வங்கியில் அந்த நாளை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று உனக்குத் தெரியும். ரத்தம் சுழற்றுகிற இயந்திரம், குளிர்பெட்டிகள், தராசு, வேன், கத்தரிக்கோல் வரைக்கும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்மணி என்றாலும் முன் வரிசையில் நின்று பொரிகடலை வாங்கிக்கொள்வேன். கம்ப்யூட்டர் பொறுப்பாளர் செம்மல் எஞ்சினியரிங்கில் பதக்கம் வாங்கியவன், பக்திமான். எல்லாக் கருவிக்கும் பொட்டு வைக்கும்போது சர்வருக்கு வெளியே மட்டும் வைத்தால் அது என்ன மரியாதை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. முறைப்படி அதை நிறுத்தி, மூடியைத் திறந்து, தூசி துடைத்து, விவரமெல்லாம் சேர்த்து வைக்கிற எட்டு டிஸ்க்கையும் உருவி வாழையிலையில் வரிசையாக வைத்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். தீபாராதனை முடிந்து திரும்பச் செருகும்போதுதான், எது எந்தப் பொந்தில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

பாவம், அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் கேட்டதற்கு "ஒண்ணும் இல்ல மேடம்" என்றான். அந்த "ஒண்ணும் இல்ல" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா. கைக்கு வந்த வரிசையில் செருகிவிட்டு ஆன் செய்தான். ஃபேன்கள் எல்லாம் ஒரே கூச்சலாகச் சுற்றின. பூசைக்கு வந்தவர்கள் கையில் பொரியோடு அப்படியே நின்றுவிட்டோம். பிறகு கூச்சல் அடங்கி, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைக்கு வந்தன. தன்னுடைய டிஸ்க் எந்தப் பொந்தில் போய் உட்கார்ந்திருந்தாலும் அதற்கு அடையாளம் தெரியும் என்று செம்மல் மூச்சு வாங்கச் சொன்னான். இடம் மாறி உட்கார்ந்தவர்களை அது தானே தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டுவிட்டது. நம் ஆயா மணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். நாங்கள் இலையை எடுப்பதற்குள் உங்கள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. மூடி திறக்கப்பட்டிருக்கிறது, டிஸ்க்குகள் இடம் மாறியிருக்கின்றன, இது உங்கள் ஆட்கள் செய்ததுதானா என்று கேட்டிருந்தார்கள். முதலியார்பேட்டையில் சந்தனம் வைத்தால் கிரெனோபிளில் தெரிகிறது! அந்த அறிக்கை உன் மேசைக்கும் வந்து, நீ அன்று சாயங்காலமே "என்னம்மா பண்ணிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டு கூப்பிட்டாய். உன் சிரிப்பை அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தச் சந்தனம்தான் பிறகு வேலையைக் காட்டியது. தீபாவளி முடிந்து மழை பிடித்த நேரத்தில் ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்து, மறுநாள் அது செத்துப்போனது. செம்மல் உருவிப் பார்த்தால், செருகுகிற முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தன வாசனை. அவன் அழாத குறைதான். நான் திட்டவில்லை. அன்று முன்வரிசையில் நின்று பொரி தின்றவள் நான்தானே.

ஒரு டிஸ்க் போனாலும் மற்ற ஏழும் அதன் பாரத்தைப் பங்கிட்டுத் தாங்கும். ஆனால் இன்னொன்றும் போனால் அப்புறம் தாங்க ஆள் இல்லை, அடுத்த சிறு பழுதிலேயே எல்லாம் போய்விடும். உங்கள் சென்னை அலுவலகத்தில் கேட்டோம். அந்த மாடலுக்கு ஆதரவு போன மாதத்தோடு முடிந்துவிட்டது, இனி டிஸ்க் வராது, புது சர்வர் வாங்குவதுதான் வழி என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். காமராசர் சாலையில் வெற்றிவேல் கடை இருக்கிறது. பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கிறவன். அவனிடமிருந்து அதே அளவில் ஒரு புது டிஸ்க் வாங்கி வந்து செம்மல் செருகினான். நம் சர்வர் அதை ஏற்கவே மாட்டேன் என்றது. கம்பெனி முத்திரை இல்லாத டிஸ்க் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டது. நல்ல டிஸ்க் என்று வெற்றிவேல் தன் கடையில் போட்டுக் காட்டினான். எங்கள் பெட்டிக்கு அது அந்நியன், அவ்வளவுதான்.

தினமும் எடுத்து வைத்த பேக்கப் இருக்கிறதே என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் அது உங்கள் கம்பெனியின் எழுத்தில் இருக்கிறது. உங்கள் கம்பெனியின் இன்னொரு இயந்திரம் இருந்தால்தான் அதைப் படிக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை கேட்டதையெல்லாம் தரும். நின்றுவிட்டால் பேக்கப்பும் ஊமைதான். வாங்கும்போது இதையெல்லாம் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

ஏன் அவ்வளவு பதறினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அரியாங்குப்பத்தில் சரிதா என்று ஒரு பெண். சின்ன வயதிலிருந்து ரத்தச்சோகை நோய், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டு வளர்ந்தவள். இத்தனை பேர் ரத்தம் ஏறிய உடம்பு இப்போது ரத்த வகை ஒன்றாக இருந்தாலும் கண்டவர்கள் ரத்தத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. யாருடையது அவளுக்குச் சேரும் என்று நுணுக்கமாகச் சோதித்துப் பார்த்த விவரம் எல்லாம் சர்வரில்தான் இருக்கிறது. அவளுக்கு இது நிறைமாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "என் கணக்கு பத்திரமா இருக்குதா மேடம், டாக்டரு கேட்டாரு" என்றாள். இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய் ஆரஞ்சு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த விவரம் போனால் முதலிலிருந்து எல்லோரையும் அழைத்துச் சோதிக்க வேண்டும். அவள் வயிற்றுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அன்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். வெளி டிஸ்க்கை மறுக்கிற அந்தப் பூட்டை எழுதுவதே உன் குழுவின் வேலை என்று நீ முன்பு பெருமையாகச் சொல்லியிருந்தாய். அதைத் தளர்த்துகிற வழியும் உனக்குத் தெரியும்தானே, சொல்லு என்றேன். கேட்டதில் எனக்கு வெட்கமே இல்லை, இன்றைக்கும் கேட்பேன்.  நீ, "அது என் கையில இருக்குதும்மா, ஆனா என்னோடது இல்ல" என்றாய். ஒவ்வொரு டிஸ்க்கையும் சூட்டிலும் அதிர்விலும் மாதக்கணக்காகச் சோதித்துத்தான் முத்திரை கொடுக்கிறோம், போலி டிஸ்க் போட்டு எங்கோ ஒரு ஆஸ்பத்திரி மொத்தத்தையும் இழந்தது, பூட்டுக்குக் காரணம் இருக்கிறது என்றாய்.  உடனே புது சர்வரை நீயே வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய். உன் பணம் யாருக்கு வேண்டும் என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

அப்பாவிடம் வந்து உன்னைப் பற்றிப் புகார் சொன்னேன். பெற்ற தாய் கேட்கிறேன், கம்பெனி பெரிதாகப் போய்விட்டதா என்றெல்லாம் சொன்னேன். அவர் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். "பரீட்சைல பக்கத்துப் பொண்ணு கேட்டாக்கூட காட்டக் கூடாதுன்னு சொல்லி வளத்தவ நீதான வெரோனி. இப்ப வருத்தப்பட்டா எப்படி?" என்றார். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தபோது, என் வயிற்றில் பிறந்தவளுக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று பிரமிப்பாக இருந்தது. அம்மா பதறுகிறாள் என்று தெரிந்தும் அசையாமல் நின்றிருக்கிறாயே. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

பிறகு வெற்றிவேலைக் கூப்பிட்டேன். அவன் தன் கடையிலேயே ஒரு சர்வர் சேர்த்துக் கொண்டுவந்தான். பார்க்க உங்களுடையது போல் மாப்பிள்ளை மிடுக்கு கிடையாது. மூடிக்குப் பூட்டே இல்லை. திறந்து காட்டி, இது இந்தக் கடையில் கிடைக்கும், இது எந்த ஊரிலும் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னான். உங்கள் பெட்டி மறுத்ததே அந்த டிஸ்க், அது இதில் சமத்தாக உட்கார்ந்து பச்சை விளக்கு காட்டியது. இதை ஓட்டுகிற புரோகிராம் யாருடையது என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல அக்கா, எல்லாரோடதும்" என்று சொல்லி, அதைத் திரையில் திறந்தே காட்டிவிட்டான். எழுதினவர்கள் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஜப்பான் பெயர், பிரேசில் பெயர், நம் கோயம்புத்தூர் பெயர் ஒன்று. ஓர் இடத்தில் யாரோ ஒருத்தி பிரெஞ்சில் ஒரு குறிப்பு விட்டிருந்தாள். இந்தப் பகுதியை மாற்றுகிறவர்கள் தயவுசெய்து மெதுவாக யோசித்து மாற்றுங்கள், ஒருவருடைய தகவல் இதில் தொலைந்தது என்று. வெற்றிவேலுக்கு பிரெஞ்சு தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். முகம் தெரியாத இத்தனை பேர் சேர்ந்து எழுதி, பூட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய கோயிலுக்குள் முதன்முதலாக நுழைந்த பிள்ளை மாதிரி அண்ணாந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் மாற்ற ஆரம்பித்தோம். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் ஒவ்வொரு விவரமாகக் கேட்டு வாங்கிப் புதியதில் எழுத வேண்டும். எழுதியது சரியா என்று மறுபடி ஒப்பிட வேண்டும். பாதி தாண்டியிருக்காது, பழையதில் இன்னொரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு. செம்மல் "மாதாவே" என்றான். அவன் மாதாவைக் கூப்பிட்டு நான் அன்றுதான் கேட்டேன். நிறுத்திவிடலாமா என்று வெற்றிவேலைக் கேட்டதற்கு, "நிறுத்துனா திரும்ப எழுந்துக்குமான்னு சொல்ல முடியாது அக்கா, கேட்டுக்கினே இருப்போம், குடுக்குற வரைக்கும் குடுக்கட்டும்" என்றான்.  அப்பா டிபன் கேரியரோடு வந்தவர் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

இனியா, உன் சர்வர் அன்று செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த நோயாளி டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்றது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தது. முடியாவிட்டால் மற்ற டிஸ்க்குகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு இதுதான் என்று எடுத்துக் கொடுத்தது. எங்கே அதுவும் முடியாதோ அங்கே பொய் சொல்லவில்லை, இங்கே முடியவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போனது. அப்படி விட்டுப்போனது ஒரு கை எண்ணிக்கைகூட இல்லை. எல்லாம் பழைய ரசீதுகள். சரிதாவின் விவரம் வரி பிசகாமல் வந்தது. சாயங்கால மணி அடிக்கும்போது கடைசி விவரமும் வந்து சேர்ந்தது. அதன் மூடிமேல் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி போல் கொதித்தது. அந்த வாரமே அந்த டிஸ்க்கும் போய்விட்டது. நம்மை வெளியே பூட்டி வைத்ததும் அதுதான், கடைசி மூச்சு வரைக்கும் கொடுத்ததும் அதுதான். இரண்டையும் செய்தவர்களில் என் மகளும் ஒருத்தி. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது, வருத்தத்தால் அல்ல.

இதனால் புதியது சொர்க்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. மலிவு என்றும் சொல்ல மாட்டேன். வெற்றிவேலின் உழைப்பு, கைவசம் வாங்கி வைத்த டிஸ்க்குகள், செம்மல் இதோடு மல்லாடுகிற நேரம் எல்லாம் பார்த்தால் மிச்சம் பெரிதில்லை. வந்த சில நாளிலேயே ஒரு ஃபேன் நின்றுவிட்டது. அது யாரையும் கூப்பிடவில்லை. சென்னைக்கும் தெரியாது, பிரான்சுக்கும் தெரியாது. அறை ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்து பார்த்ததால் தப்பித்தது. ஆனால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செம்மலே கடைக்குப் போய் வேறு ஃபேன் வாங்கிப் போட்டுவிட்டான். இப்போது வெற்றிவேல் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஏதாவது என்றால் எங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். அப்பா தன் எண்ணையும் சேர்க்கச் சொன்னார். அவர் அதற்கு "தகவலுக்கு நன்றி" என்று பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

வெற்றிவேலிடம், நீ நாளைக்கு இல்லையென்றால் இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டேன். நாகரிகமான கேள்வி இல்லைதான். "வேற எவன் வந்தாலும் தொறந்து பாத்துக்கலாம் அக்கா, அதான் இதுல விசேஷம்" என்று சிரித்தான். உங்களுடையதில் எங்களைக் கவனிக்க ஒரு பெரிய வீடு இருந்தது. அந்த வீடு கதவை மூடியபோது எங்களிடம் சாவி இல்லை. இதில் கவனிக்க நாங்கள்தான், சாவியும் எங்களிடம்தான்.

ஆகவே இதுதான் பதில். அந்த சர்வரை அனுப்ப வேண்டாம் கண்ணு. உன் பணம் என்பதற்காகச் சொல்லவில்லை, உன்மேல் கோபத்தால் சொல்லவில்லை. நீ எனக்குத் தர நினைத்த பெரிய பொருளை நான் வேண்டாம் என்கிறேன். அது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துப்போட்டதற்கு அதுதான் காரணம். நீ அன்று என்னிடம் மறுத்தபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நாம் இருவரும் அவரவர் பொறுப்பில் நின்றுதான் மறுத்தோம் என்று நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பூட்டு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாடலுக்கு இனி டிஸ்க் தர மாட்டோம் என்று கம்பெனி சொல்கிற நாளில், அந்தப் பூட்டும் தானே திறந்துகொள்கிற மாதிரி எழுத முடியாதா? உன் மேலதிகாரிகளிடம் ஒருமுறை சொல்லிப் பார். புதுச்சேரியில் ஒரு ரத்த வங்கிக்காரி கேட்கிறாள் என்று சொல்லு. அம்மா என்று சொல்லாதே, மதிப்பு குறைந்துவிடும்.

இனி நல்ல செய்தி. போன செவ்வாய்க்கிழமை சரிதாவுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் தேவைப்படும், ஆட்களை வரவழையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். செம்மல் அவள் விவரத்தைப் புது சர்வரில் போட்டுத் தேடினான். கண் மூடித் திறப்பதற்குள் பெயர்கள் வந்துவிட்டன. சில பேர்தான். முதலாவதாக வந்த பெயர் உன்னுடையது.

நீ காலேஜில் படித்தபோது என் நச்சரிப்பு தாங்காமல் வந்து கொடுத்துவிட்டுப் போனாயே, அப்போது சோதித்து வைத்தது. இந்த வீட்டு முகவரி, உன் பழைய போன் எண், எடை, எல்லாம் அப்படியே இருந்தது.  அத்தனை கடந்து அந்தப் பெட்டி உன்னையும் பத்திரமாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டாவது பெயர் நெடுமாறன், கடலூர் பஸ் ஓட்டுகிறவர். அவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்தார். நேரத்துக்கு ரத்தம் ஏறியது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். சரிதாவின் புருஷன் வந்து, யார் கையைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் எல்லோர் கையையும் பிடித்தான்.

அன்று வேலை முடிந்ததும் செம்மல் தயங்கித் தயங்கி வந்தான். இனியா வெளிநாட்டில் இருக்கிறாளே, அவசரத்துக்குக் கூப்பிட முடியாதே, அந்தப் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். அவன் கேட்டது முறைதான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்மஸ் பூசைக்கு உன் இடத்தில் உன் அப்பா தன் குடையை வைத்து இடம் பிடிப்பார், எப்போதும் போல. ஆண்டவர் உன் கைகளையும் உன் நெஞ்சுறுதியையும் ஆசீர்வதிக்கட்டும். ஒழுங்காகச் சாப்பிடு, கண்ணு. கீரையும் ஈரலும் பிடிக்காது என்று ஒதுக்காதே, ரத்தம் குறைய விடாதே. சரிதாவுக்கு இன்னும் எத்தனையோ முறை ரத்தம் தேவைப்படும். உன்னுடையது அவளுக்குச் சேரும் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

என்றும் உன் அம்மா,
வெரோனிகா